சக்குலன்ட்ல பூச்சி வந்துடுச்சா? அறிகுறிய வச்சு கண்டுபிடிச்சு சரி பண்ற வழி

சக்குலன்ட்ல, அதாவது இலைலயும் தண்டுலயும் தண்ணி சேத்து வச்சுக்கிற சதைப்பிடிப்பான செடிங்கள்ல, எது வந்தாலும் உடனே வேப்பெண்ணெய கலக்கி மொத்த செடிக்கும் அடிச்சு விடுறதுதான் நிறைய பேர் பண்றது. கத்திரி, வெண்டைக்கு அது ஓரளவு சரிப்படும், சக்குலன்டுக்கு சரிப்படாது. குருத்துக்குள்ள தண்ணி தேங்கி அழுகிடும், எண்ணெய் பட்ட இலைல வெயில் விழுந்தா வெந்து போயிடும், இவ்வளவும் பண்ணி பூச்சி மண்ணுக்கு அடியில வேர்ல உக்காந்திருந்தா அதுக்கு ஒண்ணுமே ஆகாது. அதனால முதல்ல என்ன பூச்சின்னு தெரியணும், மருந்து அதுக்கப்புறம்தான்.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல் வேலை ஒண்ணுதான், அந்த தொட்டிய மத்த செடிங்ககிட்ட இருந்து தள்ளி வைங்க, இலையோட இலை உரசாத தூரத்துக்கு. அப்புறம் போன் கேமராவ நல்லா ஜூம் பண்ணி நடுக்குருத்து, இலைக்கு அடிப்பக்கம், இலையும் தண்டும் சேர்ற இடுக்கு, தொட்டிக்கு அடியில இருக்கிற ஓட்டை, இந்த நாலு இடத்தையும் பாருங்க. மேலாப்புல பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க.

இலை இடுக்குல வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கு

பெரும்பாலும் மாவுப்பூச்சி. சக்குலன்ட் வளக்குறவங்க அதிகமா சந்திக்கிறது இதைத்தான், அதனால இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல அது பூச்சிதானான்னு உறுதி பண்ணுங்க. ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கா வர்ற எச்சிவேரியா, கிராப்டோபெட்டலம் இதுக்கெல்லாம் இலை முழுக்க வெள்ளையா ஒரு மாவு பூத்த மாதிரி இருக்கும், அது செடி வெயில்ல இருந்து தன்னை காப்பாத்திக்க தானே சுரக்கிற மெழுகு, இலை பூரா ஒரே சீரா இருக்கும், விரல் பட்ட இடத்துல ரேகை விழும். அதை தயவுசெஞ்சு துடைக்காதீங்க, அந்த இலைல அது திரும்ப வராது. கேக்டஸ்ல முள்ளு கிளம்புற இடத்துல இருக்கிற பஞ்சும் இயற்கைதான், ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரே அளவுல வரிசையா இருக்கும். மாவுப்பூச்சின்னா அப்படி ஒழுங்கா இருக்காது, அங்கங்க திட்டு திட்டா, முக்கியமா மறைவான இடுக்குல இருக்கும். ஒரு குச்சியால நசுக்குனா பிசுக்குன்னு ஒட்டும், உள்ள இளஞ்சிவப்பாவோ மஞ்சளாவோ சின்னதா ஒரு உடம்பு இருக்கும், ஓரத்துல நூல் நூலா மெழுகு நீட்டிட்டு இருக்கும்.

இன்னொரு விஷயமும் பாத்துக்கோங்க. மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையா, ஆனா அதைவிட பெருசா, இன்னும் நீளமான வெள்ளை நூலோட, வேகமா ஓடிட்டு இருக்கிறது ஒண்ணு இருந்தா அதை கொல்லாதீங்க. அது கிரிப்டோலேமஸ்ங்கிற பொறிவண்டோட புழு, மாவுப்பூச்சியவும் அதோட முட்டையவும் தின்னுதான் வளருது. ஆஸ்திரேலியாவுல இருந்து 1898லயே இந்தியாவுக்கு கொண்டு வந்த வண்டு இது. மாவுப்பூச்சி மெதுவா நகரும், இது ஓடும், அதை வச்சு பிரிச்சுடலாம்.

சரி, மாவுப்பூச்சிதான்னு உறுதியாச்சு. நாலஞ்சு திட்டுதான் இருக்குன்னா ஸ்ப்ரே எல்லாம் வேண்டாம். மெடிக்கல் ஷாப்ல 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கிக்கோங்க, காது குடையுற பஞ்சு குச்சிய அதுல நனைச்சு ஒவ்வொரு திட்டா தொட்டு எடுங்க. ஆல்கஹால் பட்டதும் அந்த வெள்ளை மெழுகு கரைஞ்சு பூச்சி பழுப்பா மாறும், அப்படி மாறுனா செத்துடுச்சுன்னு அர்த்தம். குச்சி போகாத குருத்துன்னா பெயின்ட் அடிக்கிற சின்ன பிரஷ் வச்சு விடுங்க. சாயங்காலம், நிழல்ல, காத்து வர்ற இடத்துல வச்சு பண்ணுங்க, பக்கத்துல அடுப்பு, விளக்கு எதுவும் எரியக்கூடாது, சட்டுனு பத்திக்கும். ஹேண்ட் சானிடைசர் ஜெல்ல எடுத்து தடவாதீங்க, அதுல இருக்கிற பிசுக்கு இலைல தங்கிடும்.

இங்கதான் நிறைய பேருக்கு கோட்டை விட்டுப் போகுது. ஒரு தடவை சுத்தம் பண்ணிட்டு, செடி பளிச்சுன்னு ஆகிடுச்சேன்னு திரும்ப பழைய இடத்துல வச்சுடுறாங்க. அந்த பஞ்சுப் பை ஒண்ணுக்குள்ளயே சில நூறு முட்டை இருக்கும், நீங்க பாக்காம விட்ட ஒரு பை போதும், வாரம் பத்து நாள்ல பொரிச்சு கண்ணுக்கே தெரியாத குஞ்சுங்க மஞ்சளா ஊர்ந்து வரும். அதனால வாரத்துக்கு ஒரு தடவைன்னு குறைஞ்சது நாலு வாரம் இதே வேலைய பண்ணணும், புதுசா ஒண்ணுகூட கண்ணுல படாம ரெண்டு வாரம் போனாத்தான் செடிய பழைய இடத்துக்கு கொண்டு போகணும்.

செடி பூரா பரவியிருந்தா ஸ்ப்ரே பண்ணித்தான் ஆகணும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அதுல பாதி அளவு காதி சோப்பு கரைசல். முதல்ல சோப்பையும் எண்ணெயையும் நல்லா கலக்கிட்டு அப்புறம் தண்ணி ஊத்துங்க, நேரா தண்ணில எண்ணெய ஊத்துனா மேல மிதக்கும், அடிக்கிறப்போ ஒரு இலைக்கு வெறும் தண்ணியும் இன்னொரு இலைக்கு வெறும் எண்ணெயும் போய் சேரும். கலக்குனத அன்னிக்கே தீத்துடுங்க. முதல்ல ஒரே ஒரு இலைல அடிச்சு ரெண்டு நாள் விட்டு பாருங்க, ஏன்னா ஜேட் செடி, யூஃபோர்பியா மிலின்னு சொல்ற முள்கிரீடச் செடி இதெல்லாம் சோப்புக்கும் எண்ணெய்க்கும் லேசுல காயப்படும். வெள்ளை மாவு பூத்த எச்சிவேரியாவுக்கு எண்ணெயே வேண்டாம், அந்த பூச்சு போயிடும். அடிச்சு முடிச்சதும் குருத்துக்குள்ள நிக்கிற தண்ணிய ஊதி வெளிய எடுத்துடுங்க, ரெண்டு மூணு நாள் நேரடி வெயில் படாம வைங்க.

இதுக்கும் அடங்கலன்னா இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்எல் மாதிரி செடிக்குள்ள ஏறி வேலை செய்யுற மருந்து உரக்கடையில கிடைக்கும், லேபிள்ல இருக்கிற அளவுல மண்ணுல ஊத்துறது. ஆனா அதை கடைசி வழியா மட்டும் வச்சுக்கோங்க. பூ விட்டிருக்கிற செடிக்கு ஊத்தாதீங்க, தேனீக்கு ரொம்ப கெடுதல். முகத்துக்கு பூசுறது, தலைக்கு தேய்க்கிறது, ஜூஸ் போடுறதுன்னு பயன்படுத்துற சோத்துக் கற்றாழைக்கு எக்காரணம் கொண்டும் இதை ஊத்தக்கூடாது. இதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல.

சுத்தம் பண்ண பண்ண திரும்ப வந்துட்டே இருக்குன்னா சுத்துப்புறத்த பாருங்க. மாடியில சக்குலன்ட் ஸ்டாண்டுக்கு பக்கத்துலயே செம்பருத்தி இருக்கும், அது நுனி சுருண்டு வெள்ளையா இருக்கும், அதை யாரும் கண்டுக்கவே மாட்டாங்க. அங்க இருந்துதான் எறும்பும் காத்தும் குஞ்சுகள கொண்டு வந்து சேக்குது. செம்பருத்திய கவாத்து பண்ணி வெட்டுனத பையில கட்டி குப்பையில போடாம சக்குலன்ட்ட மட்டும் எத்தனை தடவை துடைச்சாலும் பிரயோஜனம் இல்ல. 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தப்போ பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தின்னு ஒண்ணு விடாம ஏறிச்சு, விவசாயிங்க மாத்தி மாத்தி மருந்தடிச்சும் அடங்கல, 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து ஒட்டுண்ணி குளவிய கொண்டு வந்து விட்ட பிறகுதான் கட்டுக்குள்ள வந்துச்சு. மெழுகு போர்வைக்குள்ள இருக்கிற பூச்சிய வெறும் ஸ்ப்ரேவால ஜெயிக்கிறது அவ்வளவு கஷ்டம்.

பூச்சி ஒண்ணும் கண்ணுல படல, ஆனா செடி வளரவே இல்ல, தண்ணி ஊத்தியும் இலை சுருங்குது

தொட்டிய கவுத்து அடி ஓட்டைய பாருங்க. வெள்ளையா மாவு அப்பியிருந்தா வேர் மாவுப்பூச்சி. இல்லன்னாலும் சந்தேகமா இருந்தா செடிய வெளிய எடுத்துடுங்க, குட்டி கற்றாழை மாதிரி இருக்கிற ஹவோர்த்தியா, சின்ன கேக்டஸ் இதுல எல்லாம் இது அடிக்கடி வரும், மேல ஒரு அடையாளமும் காட்டாது. வேர்ல அரிசி நொய்ய விட சின்னதா வெள்ளைப் பூச்சிங்க, தொட்டியோட உள்சுவர்ல நீலம் கலந்த வெள்ளையா பூஞ்சை மாதிரி மெழுகு. மண்ணுல கலக்குற வெள்ளைத் துணுக்கான பெர்லைட்ட பாத்து பயந்துடாதீங்க, பெர்லைட் விரல்ல நசுக்குனா பொறுபொறுன்னு உடையும், பூச்சி மெழுகு இழுவிக்கிட்டு போகும்.

வைத்தியம் கொஞ்சம் மெனக்கெடணும். பழைய மண்ண முழுசா உதறி பையில கட்டி குப்பையில போட்டுடுங்க, வேற தொட்டிக்கு அதை பயன்படுத்தாதீங்க. வேர ஓடுற தண்ணில ஒரு துணுக்கு மண்ணு இல்லாம கழுவுங்க, அழுகுன வேர், ரொம்ப அப்பியிருக்கிற வேர் எல்லாத்தையும் வெட்டுங்க, சக்குலன்ட் வேர் திரும்ப விட்டுக்கும், அதுக்காக பயப்பட வேண்டாம். மிச்ச வேர சோப்பு கரைசல்ல ஒரு பத்து நிமிஷம் முக்கி வச்சு அலசிட்டு நிழல்ல காத்தாட நாலஞ்சு நாள் அப்படியே விடுங்க, வெட்டுக்காயம் காய்ஞ்சு மூடணும். தொட்டிய கொதிக்கிற தண்ணி ஊத்தி தேச்சு கழுவுங்க, பிளாஸ்டிக் தொட்டி தாங்காதுன்னா தூக்கிப் போட்டுடுங்க. அப்புறம் புது மண்ணுல நட்டு ஒரு வாரம் கழிச்சு தண்ணி.

தொட்டிங்கள ஒரே தட்டுல வச்சு கீழ தண்ணி ஊத்துற பழக்கம் இருந்தா அதை விட்டுடுங்க, ஒரு தொட்டில இருந்து அடுத்ததுக்கு இது அந்த தண்ணி வழியாதான் போகுது.

அடி இலை மட்டும் காய்ஞ்சு உதிருது

குருத்து நல்லா இருக்கு, அடியில ரெண்டு மூணு இலை மட்டும் பேப்பர் மாதிரி காயுதுன்னா அது பூச்சியே இல்ல, செடியோட வழக்கம். ஆனா காய்ஞ்ச இலைய பிச்சு எடுத்துடுங்க, மாவுப்பூச்சிக்கு அதைவிட வசதியான மறைவிடம் கிடையாது.

இலை பிசுபிசுன்னு இருக்கு, எறும்பு வரிசையா ஏறுது, கருப்பா புகை படிஞ்ச மாதிரி இருக்கு

மூணுக்கும் காரணம் ஒண்ணுதான். சாறு உறிஞ்சுற பூச்சி வெளிய விடுற இனிப்பு கழிவுதான் அந்த பிசுபிசுப்பு, அதை தின்ன எறும்பு வருது, அது மேல வளர்ற பூஞ்சைதான் கருப்பு. எறும்பு போற வழிய பின்தொடர்ந்து போய் பாருங்க, அது எந்த இடுக்குல போய் நிக்குதோ அங்க மாவுப்பூச்சியோ, செதில் பூச்சியோ, அசுவினியோ இருக்கும். எறும்ப நிறுத்தாம பூச்சிய ஒழிக்க முடியாது, ஏன்னா பொறிவண்டையும் குளவியையும் எறும்பு விரட்டிவிடும். ஸ்டாண்ட் கால நாலையும் தண்ணி கிண்ணத்துல வைக்கிற நம்ம வீட்டு பழைய முறையே நல்லா வேலை செய்யுது, தண்ணில கொசு வராம ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்துங்க. கருப்ப ஈரத்துணியால துடைச்சாலே போயிடும்.

தண்டுல, இலைல பழுப்பா பொட்டு பொட்டா இருக்கு

நகத்தால சுரண்டுங்க. சில்லு மாதிரி பேந்து வந்து கீழ செடி பச்சையா இருந்தா செதில் பூச்சி. வராம இலையோட சேந்தே இருந்தா அது தண்ணி அதிகமானதால இலை வெடிச்சு தழும்பானது, தண்ணிய குறைச்சா போதும். செதில் பூச்சின்னா பழைய டூத் பிரஷ்ல ஆல்கஹால் தொட்டு மெதுவா தேச்சு எடுங்க, ஓட்டுக்குள்ள இருக்கிறதால தேய்க்காம சும்மா ஸ்ப்ரே அடிச்சா ஒண்ணும் ஆகாது. பிறகு மேல சொன்ன மாதிரி வாரா வாரம்.

சப்பாத்திக்கள்ளி வகை கேக்டஸ்ல வெள்ளை பஞ்சு இருந்து, நசுக்குனா ரத்தம் மாதிரி சிவப்பா வந்துச்சுன்னா அது காச்சினீல்ங்கிற, சிவப்பு சாயம் எடுக்கிற பூச்சியோட வகை. இதுக்கு நம்ம ஊர்ல பெரிய வரலாறு இருக்கு, சாயம் எடுக்கிற ஜாதின்னு நினைச்சு 1795ல இந்தியாவுக்கு ஒரு தப்பான இனத்த கொண்டு வந்தாங்க, அது சாயத்துக்கு உதவாம ஒரு வகை கள்ளிய தின்னு தீத்துச்சு, அப்புறம் 1926ல இலங்கையில இருந்து இன்னொரு இனத்த சப்பாத்திக்கள்ளிய அழிக்கறதுக்குன்னே கொண்டு வந்து விட்டாங்க. காட்டு கள்ளிக்கே அந்த கதின்னா உங்க தொட்டி கேக்டஸ் எம்மாத்திரம், அதனால பாத்த அன்னிக்கே பைப்புல தண்ணிய பீச்சி அடிச்சு பஞ்ச கழட்டிட்டு ஆல்கஹால் தடவுங்க. கேக்டஸ்ல குருத்து அழுகல் பயம் குறைவு, தாராளமா பீச்சலாம், வெயில் வர்றதுக்குள்ள காய்ஞ்சா சரி.

இலை நிறம் வெளுத்து, துருப்பிடிச்ச மாதிரி ஆகுது, மெல்லிசா வலை இருக்கு

சிலந்திப்பேன். இது பூச்சியே கிடையாது, எட்டுக்கால் ஜீவன், அதனால பூச்சி மருந்து நிறைய இதுகிட்ட பலிக்காது, இமிடாகுளோபிரிட் ஊத்துனா சில சமயம் இன்னும் பெருகும். ஒரு வெள்ளை பேப்பர கீழ பிடிச்சு செடிய தட்டுங்க, விழுந்த தூசில ஏதாவது நகர்ந்தா, விரலால தேச்சா கறை மாதிரி இழுத்துச்சுன்னா அதேதான். ஏப்ரல், மே வெயில்ல வாரத்துக்குள்ள ஒரு தலைமுறை முடிஞ்சுடும், தள்ளிப் போடாதீங்க. கேக்டஸ்ல பழுப்பு அடியில இருந்து மேல ஏறுனா அது வயசு, இளசா இருக்கிற நுனியில ஆரம்பிச்சா சிலந்திப்பேன சந்தேகப்படுங்க.

தண்ணிய வேகமா பீச்சி கழுவுறதுதான் முதல் வைத்தியம், மூணு நாளைக்கு ஒரு தடவை. தண்ணில கலக்கி அடிக்கிற நனையும் கந்தகப் பொடி நல்லா வேலை செய்யும்னு சொல்வாங்க, செய்யும்தான், ஆனா 32 டிகிரிக்கு மேல வெயில் இருக்கிறப்போ அடிச்சா இலை கருகிடும், வேப்பெண்ணெய் அடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ளயும் அடிக்கக்கூடாது. நம்ம கோடைக்கு அது தோதுப்படாது, மார்கழி, தை மாசத்துல வேணா பாக்கலாம்.

மண்ணுக்கு மேல சின்ன கருப்பு கொசு பறக்குது

கடிக்காது. மண்ணு எப்பவும் ஈரமா இருக்குங்கிறதுக்கு அது அடையாளம், ஐப்பசி கார்த்திகை மழைல, அதுவும் நர்சரில இருந்து வந்த வெறும் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) மண்ணுல, ரொம்ப வரும். ஒரு உருளைக்கிழங்கு வில்லைய மண்ணு மேல வச்சு ஒரு நாள் கழிச்சு திருப்பி பாருங்க, கண்ணாடி மாதிரி உடம்பும் கருப்பு தலையுமா புழு ஒட்டியிருக்கும். மண்ண முழுசா காய விடுங்க, மேல ரெண்டு சென்டிமீட்டருக்கு பெருமணல் இல்ல சின்ன ஜல்லி பரப்புங்க, மஞ்சள் ஒட்டும் அட்டை ஒண்ணு சொருகுங்க. அட்டை பறக்கிறத மட்டும்தான் பிடிக்கும், காயறதுதான் புழுவ கொல்லும். பிடிஐங்கிற பாக்டீரியா மருந்து கிடைச்சா தண்ணில கலந்து ஊத்தலாம், சாதாரண பிடி வேற, அது இலை தின்னுற புழுவுக்குத்தான், வாங்கும்போது பாத்து வாங்குங்க.

பூத்தண்டுல கூட்டமா பச்சையா, கருப்பா மொய்க்குது

அசுவினி. அந்த பூத்தண்ட அடியோட வெட்டிடுங்க, முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. குருத்து வடு விழுந்து வெள்ளி பூசுன மாதிரி மின்னி, கூட கருப்பு புள்ளி இருந்தா இலைப்பேன், அதுக்கும் பூத்தான் வீடு, வெட்டிட்டு சோப்பு கரைசல குருத்துல விட்டு ஊதி எடுங்க.

கலஞ்சோ இலை உள்ளுக்குள்ள காலியாகி கொப்புளம் மாதிரி ஆகுது

கட்டிப்போட்டா குட்டிபோடும் செடின்னு சொல்ற ரணகள்ளி, அதோட சொந்தக்கார கலஞ்சோ இதுலதான் இது வரும். இலைய வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா ரெண்டு தோலுக்கும் நடுவுல சதைய தின்னுட்டே ஒரு புழு நகர்றது நிழலா தெரியும், பின்னாடி கருப்பா எச்சம் போட்டுட்டே போகும். கருப்பு வெள்ளை புள்ளியும் பின்னிறக்கையில ஆரஞ்சு திட்டுமா தாழ்வா பறக்குமே, அந்த சின்ன பட்டாம்பூச்சியோட புழு அது. மருந்து அடிச்சாலும் இலைக்குள்ள போய் சேராது, அந்த இலைய கிள்ளி எடுத்தா போதும். என்னைக் கேட்டா ஒரு தொட்டி ரணகள்ளிய ஓரமா அதுக்குன்னே விட்டுடுங்க, கிள்ளுன இலைய அங்க கொண்டு போய் போடுங்க, அழகான பட்டாம்பூச்சி, செடியும் சட்டுனு தழைச்சுக்கும்.

இலை ஓரத்துல கடிச்ச ஓட்டை

வெள்ளியா வழுவழுன்னு தடம் இருந்தா நத்தை, ராத்திரி டார்ச் அடிச்சு கையால பொறுக்குங்க. தடம் இல்லன்னா வெட்டுக்கிளி இல்ல புழு.

கற்றாழையில கழலை மாதிரி தாறுமாறா சதை வளருது

சிலந்திப்பேனோட சொந்தக்கார ஜீவன் ஒண்ணு, கண்ணுக்கு தெரியாது, செடியோட சதையவே மாத்தி வளர வைக்குது. வேப்பெண்ணெய் பலிக்காது. கழலைக்கு கீழ நல்ல சதையும் ரெண்டு சென்டிமீட்டர் சேத்து வெட்டுங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திய ஆல்கஹால்ல துடைங்க, வெட்டுனத உரக்குழில போடாம பையில கட்டி வெளிய அனுப்புங்க. குருத்துலயே வந்துடுச்சுன்னா செடிய மொத்தமா எடுத்துடுறதுதான் மத்த கற்றாழைக்கு நல்லது.

செடி போயிடும் போல இருக்கு, ஏதாவது மிச்சம் பண்ண முடியுமா

கற்றாழை கழலை தவிர மத்த எல்லாத்துக்கும் முடியும். எச்சிவேரியா, ஜேட், கிராப்டோபெட்டலம் இதுலல்லாம் நல்லா இருக்கிற நாலு இலைய முழுசா அடியோட முறுக்கி எடுங்க, ஆல்கஹால் தொட்ட பஞ்சால ரெண்டு பக்கமும் துடைச்சு நிழல்ல காய வைங்க. தண்டு உள்ள செடின்னா பூச்சி இல்லாத நுனிய வெட்டி அடி இலைங்கள உரிச்சு இடுக்கெல்லாம் பாத்துட்டு ஒரு வாரம் காய வச்சு நடுங்க. வேரும் பழைய மண்ணும் குப்பைக்கு. புதுசா நட்டதையும், நர்சரில இருந்து வாங்கிட்டு வர்ற எந்த புது செடியையும் ஒரு மாசம் தனியா வச்சு, வாரம் ஒரு தடவை அடி ஓட்டை வரைக்கும் பாத்துட்டு அப்புறம் மத்ததோட சேருங்க.